முழு இருதயம் என்றால் எவ்வளவு?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் 28 வயதுத் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். மே மாதத்தில் நடந்த வாலிபர் முகாமின் கடைசி இரவில் முன்னால் போய் முழங்காலிட்டு, தன்னை முழுவதும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாராம். இரண்டே மாதத்தில் அந்த அனல் தணிந்துவிட்டது. "முழு இருதயத்தோடு பின்பற்றுவது என்றால் என்னிடம் என்னதான் கேட்கப்படுகிறது? வேலையை விட்டு ஊழியத்துக்குப் போக வேண்டுமா? தினமும் எத்தனை மணி நேரம் ஜெபிக்க வேண்டும்? வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று அம்மா சொல்கிறார்கள். அது சரியா?"

தம்பி, கடைசியாகத் தயங்கித் தயங்கிக் கேட்டீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகத் தெரிகிறது. அதற்கு வருகிறேன். முன்னதாக, அனல் தணிந்ததைப் பற்றிக் கொஞ்சம்.

முகாமில் நீங்கள் அழுத அழுகை பொய்யில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் உங்களுக்கு வேறு வேலை இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பாடினார்கள். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் உங்களோடு யாரும் பாடமாட்டார்கள். வேதத்தில் 'உத்தமமாய்ப் பின்பற்றினான்' என்று சாட்சி பெற்றவன் காலேப் (எண்ணாகமம் 14:24). எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'நிறைத்தல்' என்னும் வினை. இடைவெளி விடாமல் ஆண்டவர் பின்னே போனான் என்று அதை விளங்கிக்கொள்ளலாம். கானானை வேவு பார்க்கப் போனபோது அவனுக்கு வயது 40. மலைநாட்டைக் கேட்டு யோசுவாவின் முன் வந்து நின்றபோது 85. நடுவில் இருந்த 45 வருஷத்தில் பெரும்பகுதியை வனாந்தரத்தில் கழித்தான். மற்றவர்களின் அவிசுவாசத்துக்கு வந்த தண்டனையை, குற்றம் செய்யாத அவனும் சேர்ந்து நடந்து தீர்த்தான். அந்த வருஷங்களில் அவன் என்ன செய்தான் என்று வேதம் ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. கூடாரம் போட்டிருப்பான், பிரித்திருப்பான், மன்னா பொறுக்கியிருப்பான், செத்தவர்களை அடக்கம்பண்ணியிருப்பான். உத்தமமாய்ப் பின்பற்றினான் என்று சொல்லும்போது வேதம் இந்த வருஷங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. உங்கள் இரண்டு மாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இயேசு 'தன் சிலுவையை எடுத்துக்கொண்டு' என்று சொன்னதை மத்தேயுவும் மாற்குவும் எழுதுகிறார்கள். லூக்கா மட்டும் அதில் 'அனுதினமும்' என்ற சொல்லையும் சேர்த்து எழுதுகிறார் (9:23). அன்றைக்குச் சிலுவை என்பது கழுத்தில் போடும் டாலர் இல்லை. அதைச் சுமந்துகொண்டு தெருவில் போகிறவன் திரும்பி வரமாட்டான் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நடையை ஒவ்வொரு நாள் காலையிலும் தொடங்கச் சொல்கிறார்.

இனி, 'முழு' என்ற சொல்லுக்கு வருவோம். எவ்வளவு கொடுத்தால் முழுமை என்று அளவு கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. லூக்கா 18ஆம் அதிகாரத்தையும் 19ஆம் அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். முதலில் ஒரு தலைவன் வருகிறான். கற்பனைகளையெல்லாம் சிறுவயது முதல் கைக்கொண்டவன். அவனிடம் இயேசு, உனக்குண்டானவைகளையெல்லாம் விற்றுக் கொடு என்கிறார். அவன் துக்கத்தோடு போய்விடுகிறான். அடுத்த அதிகாரத்தில் சகேயு வருகிறான். ஆஸ்தியில் பாதியைக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். மீதிப் பாதி எங்கே என்று இயேசு கேட்கவில்லை. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். ஒருவனிடம் எல்லாவற்றையும் கேட்டவர் இன்னொருவன் தானாகக் கொடுத்த பாதியை ஏற்றுக்கொள்கிறார். தலைவனுடைய இருதயத்தில் பணம் ஒரு பூட்டிய அறையாக இருந்தது. சகேயு அந்த அறையைத் தானே திறந்துவிட்டான். பூட்டிய அறை எது என்பதுதான் அவருடைய கேள்வி. அது ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும். ஆகவே இன்னொருவருடைய சாட்சியைக் கேட்டுவிட்டு அதையே நீங்களும் செய்து பார்க்க வேண்டியதில்லை.

அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்றுக் கொண்டுவந்த சம்பவத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ என்று பேதுரு கேட்கிறான். கொடுக்காமலே இருந்திருக்கலாம், பாதி கொடுத்திருந்தாலும் குற்றமில்லை. ஒரு பங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முழுசு என்று காட்டினார்கள். பக்திக்கு நடுவில் வந்து சேர்ந்த அந்தப் பொய்க்காக எனக்கு உள்ளபடியே பயம் உண்டு. ஜெபக்கூட்டத்தில் 'எல்லாம் உமக்கே' என்று பாடும்போதெல்லாம் அந்தப் புருஷனையும் மனைவியையும் நினைத்துக்கொள்கிறேன்.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். நம் ஊர்களில் 'ஒப்புக்கொடுத்தவன்' என்றால் வேலையை ராஜினாமா செய்தவன் என்று ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரர் வந்து, போதகரே, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள் என்றான். போர்ச்சேவகரும் கேட்டார்கள். ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதிருங்கள், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதிருங்கள், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றான். வனாந்தரத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் சாப்பிட்டவன் அவன். தன்னிடம் வந்தவர்களையும் வனாந்தரத்துக்குக் கூப்பிடவில்லை, வேலை செய்த இடத்துக்கே திருப்பி அனுப்பினான். பவுலும் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார்.

ஆனால் ஆண்டவர் சிலரை அழைக்கத்தான் செய்கிறார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ.வில் நல்ல பொறுப்பில் இருந்தவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். மற்றவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தவருக்கு, நீ ஏன் போகவில்லை என்ற கேள்வி உள்ளே எழுந்தது. 1909இல் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போய், புது மொழி படித்து, கிராமம் கிராமமாக அலைந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனதெல்லாம் அதற்குப் பின்பு. அப்படி ஓர் அழைப்பு உங்களுக்கு வந்தால் ஒரு கூட்டத்தின் இரவோடு அது ஓய்ந்துவிடாது. வருஷக்கணக்கில் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அதுவரை அலுவலகத்தில் கொடுத்த வேலையை ஒழுங்காக முடியுங்கள், பொய் பில் போடாதீர்கள், உங்களுக்குக் கீழே இருப்பவர் செய்ததை உங்கள் பெயரில் காட்டாதீர்கள்.

ஜெபத்துக்கு மணிக்கணக்கு கேட்டீர்கள். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். அதற்கு மேல் கணக்கு எனக்குத் தெரியாது. 20 நிமிஷம் என்றால் 20 நிமிஷம், ஆனால் தினமும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். எங்கள் ஆச்சி அந்தப் பிடியை மூட்டையிலிருந்து எடுக்கமாட்டார்கள். உலைக்கு அளந்து முறத்தில் போட்டுக் கல் பொறுக்கி முடித்த பிறகு, அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார்கள். உலையில் அந்தப் பிடி குறையும். யார் தட்டில் குறைகிறது என்று நான் சின்ன வயதில் யோசித்ததில்லை. ஆச்சி எப்போதும் கடைசியில்தான் சாப்பிட உட்காருவார்கள். தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதா, பிடித்தம் போக வருவதிலா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். கணக்கு எப்படியானாலும் சரி, கொடுத்த பிறகு உங்கள் தட்டில் ஏதாவது குறைகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது மனஸ்தாபம். எங்கள் சேகரத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எனக்கு 11 வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை இரவு அப்பா என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையில் வந்த சண்டை. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்திலேயே நின்று, "கெணத்து விஷயத்துல நான் சொன்ன கணக்கு தப்பு. ஒனக்கு வர வேண்டிய மொறைய ரெண்டு வருஷம் நான் எடுத்துக்கிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றார்கள். சித்தப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்கள். சித்திதான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா பேசவில்லை. அந்த வாரமே கிணற்று முறை சித்தப்பா வயலுக்கு மாறியது. சித்தப்பா எங்களோடு பேசத் தொடங்கியதோ அடுத்த வருஷம் அசனத்துக்கு, அதாவது கோயிலில் ஊரே சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, பிறகுதான்.

மத்தேயு 5:23ஐ எடுத்துப் பாருங்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருகிறவனுக்குச் சொன்னது அது. உன் சகோதரன்மேல் உனக்குக் குறை உண்டென்று அங்கே எழுதியில்லை. 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' எழுதியிருக்கிறது. நாம் யாரை மன்னிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறோம். நம்மை மன்னிக்க வேண்டியவர்களின் பட்டியலைக் கேட்கிறார் இயேசு. இந்த விஷயத்தில் அப்பாவின் துணிச்சலில் பாதிகூட எனக்கு இல்லை. நான் போக வேண்டிய வீடு ஒன்று இன்னும் இருக்கிறது.

இப்போது பெண் பார்க்கும் விஷயம்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றியவர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பர். நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். 1749இல் கைது செய்து, எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் வதைத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன், புனிதர்களிடம் வேண்டுதல் செய்கிறவன் அல்லன். ஆனால் காற்றாடிமலைக்குப் போய் அந்தப் பாறைகளுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். அங்கே எனக்குப் பேச வரவில்லை. மதம் மாறியது மட்டும் அவர்மேல் வந்த கோபத்துக்குக் காரணமில்லை. சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியதும் ஒரு காரணம்.

அவர் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயிலின் வடிவம் தெரியுமா? கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டாகப் பிரிந்த கட்டடம், இரண்டும் சேரும் இடத்தில் ஒரே பலிபீடம். உயர்ந்தவர்கள் என்று தங்களை எண்ணியவர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறு பக்கம், நடுவில் சுவர். ஒரே அப்பத்தைச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று வாங்கினார்கள். 1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள். பழையபடி பிரித்துத் தர வேண்டும் என்று சிலர் வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சீர்திருத்தச் சபைகளாகிய எங்களுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெருங்கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். வேதத்தை விரும்பி வாசித்தவர்கள், உருகி ஜெபித்தவர்கள், பாட்டுக் கட்டிப் பாடியவர்கள் அவர்கள். அவர்கள் பக்தி வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு அறையை மட்டும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

அந்தச் சாவி இப்போது திருமணப் பேச்சில் இருக்கிறது. மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். 'இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண்' என்று ஒரு வரி இருக்கும், அடுத்த வரியில் சாதி, உட்பிரிவோடு. பிறகு வீட்டில் உட்கார்ந்து இத்தனை பவுன், ரொக்கம் இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டு, 'ஆண்டவர் நடத்தினார்' என்று பத்திரிகை அடிக்கிறோம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டான். பவுல் அதைச் சின்ன விஷயம் என்று விடவில்லை. எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தான், நீங்கள் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்றான் (கலாத்தியர் 2). சாப்பாட்டு மேஜையில் யார் பக்கத்தில் உட்காருகிறாய் என்பது பவுலுக்குச் சுவிசேஷத்தின் கேள்வியாக இருந்தது. யார் மகளைக் கட்டுகிறாய், என்ன கேட்டுக் கட்டுகிறாய் என்பது மட்டும் எப்படி வெளியே நிற்கும்? இதைப் போட்டு அதோடு குழப்பாதே என்று அம்மா சொல்வது எனக்குப் புரிகிறது. ஊர் என்ன பேசும், தங்கைக்கு நாளைக்கு வரன் வருமா என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தை இளக்காரமாகப் பேசாதீர்கள். ஆனால் அம்மா சொல்வது சரியல்ல, தம்பி.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். முழு ஒப்புக்கொடுத்தல் என்ற பெயரில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா வைத்தியன். நகையைக் கழற்றிக் கொடு, கேள்வி கேட்காதே, உன் வீட்டாரோடு பேசாதே என்று ஒருவர் கேட்டால் அவர் தனக்கே ஆள் சேர்க்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் கொடுத்த காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7இல் வாசியுங்கள். இராமுழுதும் உபவாச ஜெபத்தில் இருந்துவிட்டு, படுக்கையில் கிடக்கும் தகப்பனைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளும்படி விட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

கடைசியாக, இவ்வளவையும் வாசித்துவிட்டு, என்னால் முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால் அது நல்ல அடையாளம். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்றது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். அங்கேதான் மூன்று தரம் மறுதலித்தான். உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடற்கரையில் இயேசு அவனுக்காக மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான். யோவான் இரண்டு இடத்திலும் அதைக் கவனமாகக் குறிக்கிறார். அங்கே இயேசு அவன் மறுதலித்த ராத்திரியைச் சொல்லிக் காட்டவில்லை. இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கவில்லை. முதலில், வாருங்கள், சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்ட பிறகு மூன்று தரம், நீ என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார். விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். அறையைத் திறக்கும் கையும் அவர் கொடுக்கிற கைதான்.

வேலையில் இருங்கள். சபையில் இருங்கள். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ அம்மா உங்கள் பயோடேட்டாவை எழுத உட்காருவார்கள். பெயர், படிப்பு, சம்பளம், சபை எல்லாம் எழுதிக்கொண்டு வந்து, சாதி என்ற வரியில் பேனா ஒரு நொடி நிற்கும், கீழே எதிர்பார்ப்பு என்ற வரியில் இன்னொரு தரம் நிற்கும். அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, நீங்களே பார்த்து எழுதுங்கம்மா என்று போனில் சொல்லிவிடாதீர்கள். ஊருக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்காருங்கள்.